ப்ராக்ஸி: உங்களுக்காக ‘உள்ளேன் ஐயா’ சொல்வது யார்?

203.0.113.25:8080:பயனர்பெயர்:கடவுச்சொல்

இந்த மாதிரி இருபத்தைந்து வரிகளை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டு, “மாமா, இதை எங்க போடணும்?” என்று கேட்டான் என் அக்கா மகன். கடலூர் செம்மண்டலத்தில் இருக்கிறான், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. புதிதாக வெளியாகும் ஸ்னீக்கர் ஷூக்களைத் தானாகவே வாங்கித் தரும் ‘பாட்’ என்ற மென்பொருளை நண்பர்கள் மூன்று பேரோடு காசு சேர்த்து வாங்கியிருக்கிறான். அதில் ‘ப்ராக்ஸி’ என்ற கட்டம் காலியாக இருந்ததாம். அதை நிரப்ப இந்த இருபத்தைந்து வரிகளையும் காசு கொடுத்து வாங்கிவிட்டான். (மேலே இருப்பது உதாரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண். அவன் அனுப்பியவை வேறு.)

எங்கே போடுவது என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அது என்னவென்று சொல்லத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவைப்பட்டது. காலையிலேயே பஸ் பிடித்துப் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டான். அன்று அவனுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். ஷூ வாங்கும் ஆசை இல்லாதவர்களுக்கும் பயன்படும். உங்கள் போன் இணையத்தில் எந்த முகவரியோடு உலவுகிறது என்பது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

ப்ராக்ஸி என்ற சொல் அவனுக்குப் புதிதில்லை. வகுப்புக்கு வராத நண்பனுக்காக ‘உள்ளேன் ஐயா’ சொல்வதற்கு நம் கல்லூரிகளில் அதுதான் பெயர். வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் பெயர் கூப்பிடும் ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு முகம் தெரியாது, குரல் எந்தப் பெஞ்சிலிருந்து வருகிறது என்பது தெரியும். ஒரு கடையின் சர்வரும், அதாவது அதன் இணையதளம் ஓடும் கணினியும், அப்படித்தான். கேட்பது யார் என்று அதற்குத் தெரியாது, எந்த ஐபி முகவரியிலிருந்து, அதாவது எந்த இணைய இணைப்பின் எண்ணிலிருந்து, கோரிக்கை வருகிறது என்பது தெரியும். ப்ராக்ஸி சர்வர் நடுவில் உட்கார்ந்திருக்கும் வேறொரு கணினி. உங்கள் கோரிக்கையை வாங்கி, தன் முகவரியிலிருந்து கடைக்கு அனுப்பும். கடை தரும் பதிலை வாங்கி உங்களிடம் சேர்க்கும். கடையின் பதிவேட்டில் ஏறுவது அதன் முகவரி. அதன் வேலை இவ்வளவுதான்.

சரி, ஷூ வாங்க இது எதற்கு?

சில ஷூக்களைக் கம்பெனிகள் குறைந்த எண்ணிக்கையில், சொன்ன தேதியில், சொன்ன நிமிடத்தில் வெளியிடும். அதற்கு ‘ட்ராப்’ என்று பெயர். சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அப்புறம் அதே ஷூ மறுவிற்பனையில் கூடுதல் விலைக்கு வரும். 2005 பிப்ரவரியில் ‘பிஜன் டங்க்’ என்ற நைக்கி ஷூவுக்காக நியூயார்க்கில் ஒரு சிறிய கடை முன் கூடிய கூட்டத்தை அடக்கப் போலீஸ் வர வேண்டியிருந்தது. அந்த வரிசை பிறகு இணையத்துக்கு மாறியது. 2015-ல் நைக்கி இதற்கென்றே ‘ஸ்னீக்கர்ஸ்’ என்று தனிச் செயலி கொண்டுவந்தது. தெருவில் முண்டியடித்த கூட்டத்தோடு இணையத்தில் பாட் மென்பொருள்களும் வந்து சேர்ந்துகொண்டன.

நமக்குத் தெரிந்த உதாரணம் தட்கல். காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஸ்லீப்பர். பத்து மணி ஒரு நிமிடத்துக்கு உங்கள் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும், இடம் தீர்ந்திருக்கும். ஷூ ட்ராப்பும் அதே அவசரம்தான். அந்த அவசரத்தில் மனித விரலுக்குப் பதிலாக பாட் வேலை செய்கிறது. ஷூவின் பக்கம் திறந்ததா என்று சில வினாடிக்கு ஒருமுறை போய்ப் பார்க்கும். திறந்ததும் அளவைத் தேர்ந்தெடுத்து, முகவரியை நிரப்பி, பணம் கட்டும் இடம்வரை போய்விடும். இப்படி ஒரு முயற்சிக்கு ‘டாஸ்க்’ என்று பெயர். ஒரே கணினியில் இருபது டாஸ்க்கைக்கூட ஓடவிடலாம்.

சிக்கல் அங்கேதான். ஒரே பெஞ்சிலிருந்து இருபது ‘உள்ளேன் ஐயா’ வந்தால் எந்த ஆசிரியரும் தலையைத் தூக்கிப் பார்ப்பார். கடை சர்வரும் ஒரு முகவரியிலிருந்து அளவுக்கு மீறிக் கோரிக்கை வந்தால் 429 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும். ‘அதிகமாகக் கேட்கிறாய், பொறு’ என்று அர்த்தம். அதையும் மீறினால் 403 வரும், ‘உனக்கு அனுமதி இல்லை’. அதனால்தான் பாட் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் ஒரு முகவரி கொடுக்கப் பார்க்கிறார்கள். இருபது டாஸ்க், இருபது பெஞ்சு.

இதைச் சொன்னதும் அவனுக்குப் பழைய சம்பவம் ஒன்று புரிந்தது. பாட் வாங்குவதற்கு முன் ஒருநாள் நான்கு நண்பர்களும் ஒரே வீட்டில் உட்கார்ந்து, நான்கு போனில் ஒரே ட்ராப்புக்கு முயன்றிருக்கிறார்கள். பக்கத்தை விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் கதவு மூடிவிட்டது. “நாலு போன், நாலு அக்கவுன்ட் மாமா, எப்படி எல்லாரும் மாட்டினோம்?” என்றான். நான்கு போனும் ஒரே வைஃபையில் இருந்தன. வீட்டுக்குள் ரவுட்டர் ஒவ்வொரு போனுக்கும் 192.168 என்று தொடங்கும் தனி எண் கொடுத்திருக்கும். அது வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண். வாசலைத் தாண்டும்போது நான்குக்கும் ஒரே முகவரிதான்.

இன்னும் ஒரு படி மேலே போனால், வீட்டுக்கு ஒரு முகவரி என்பதுகூட நிச்சயம் கிடையாது. பரவலாகப் புழங்கும் ஐபி முகவரி முறையான நான்காம் பதிப்பில் (IPv4) மொத்தம் 429 கோடி முகவரிகள்தான் உண்டு. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் பல மொபைல் நிறுவனங்களும் சில பிராட்பேண்ட் நிறுவனங்களும் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், நீங்களும் அப்படிப் பகிர்ந்துகொள்பவர்தான். உங்கள் பெஞ்சில் முன்பின் தெரியாத பலர் உட்கார்ந்திருக்கிறார்கள். இது பின்னால் ஓரிடத்தில் உதவும், நினைவில் வையுங்கள்.

இப்போது அந்த வரிக்கு வருவோம். முக்காற்புள்ளியால் பிரித்த நான்கு துண்டுகள். முதலாவது ப்ராக்ஸி கணினியின் முகவரி. இரண்டாவது போர்ட், அதாவது அந்தக் கணினியில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்ற எண். மூன்றாவதும் நான்காவதும், நீங்கள் காசு கட்டிய ஆள்தான் என்று காட்டும் பெயரும் கடவுச்சொல்லும். பாட் மென்பொருளில் ப்ராக்ஸி பகுதியைத் திறந்து, ஒரு பட்டியலுக்குப் பெயர் வைத்து, ஒரு ப்ராக்ஸிக்கு ஒரு வரி என்று ஒட்டிச் சேமிக்க வேண்டும். பிறகு டாஸ்க் உருவாக்கும்போது அந்தப் பட்டியலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவன் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான், ஒரு நிமிடம்தான். வரியின் முன்னாலோ பின்னாலோ இடைவெளி ஒட்டிக்கொண்டால் சில மென்பொருள்கள் அந்த வரியையே ஏற்காது. வாட்ஸ்ஆப்பிலிருந்து நகலெடுத்தால் இந்தத் தொல்லை அடிக்கடி வரும்.

சில விற்பனையாளர்கள் பெயர், கடவுச்சொல்லுக்குப் பதிலாக “உங்கள் வீட்டு முகவரியைப் பதிவு செய்யுங்கள், அங்கிருந்து வந்தால் உள்ளே விடுகிறோம்” என்பார்கள். நம் ஊரில் இது அவ்வளவு சரிவராது. கரண்ட் போய் வந்து ரவுட்டர் புதிதாக எழுந்தால் வீட்டு முகவரி மாறிவிடலாம். முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் இணைப்பாக இருந்தால், உங்கள் பெஞ்சில் இருக்கும் மற்றவர்களுக்கும் நீங்களே கதவைத் திறந்துவிட்டதாக ஆகும். கடவுச்சொல் முறையையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஒட்டியபின் சோதிக்க வேண்டும். பெரும்பாலான பாட் மென்பொருள்களில் சோதனைப் பொத்தான் உண்டு. அதில் கூகுள் முகப்பைக் கொடுத்துச் சோதித்துவிட்டு எல்லாம் பச்சை என்று சந்தோஷப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்கப்போகும் கடையின் முகவரியைக் கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும். கூகுள் அனுமதிக்கும் முகவரியை ஷூக்கடை ஏற்கெனவே தடுத்து வைத்திருக்கலாம். அவனுடைய இருபத்தைந்தில் பதினொன்று கூகுளில் பச்சை, கடையில் சிவப்பு. ஏன் என்பதற்கு ப்ராக்ஸியின் வகைகள் தெரிய வேண்டும்.

டேட்டா சென்டர் ப்ராக்ஸிதான் விலை குறைந்தது. எங்கோ சர்வர்கள் அடுக்கிய கட்டடத்திலிருந்து வரும் முகவரி. வேகமானது, ஆனால் அது வீட்டு இணைப்பு இல்லை என்று கண்டுபிடிப்பது எளிது. எந்த முகவரித் தொகுதி எந்த நிறுவனத்துக்குச் சொந்தம் என்பது பொதுப் பதிவேட்டிலேயே இருக்கிறது. சர்வர் வாடகைக் கம்பெனியின் முகவரியிலிருந்து ஒருவர் ஷூ வாங்க வருகிறார் என்றால் கடைக்குச் சந்தேகம் வராதா? மேலும் இவை பக்கத்துப் பக்கத்து எண்களாக 256 கொண்ட தொகுதிகளில் கிடைக்கும். அவற்றில் ஒன்றைக் கடை தடுக்க நினைத்தால் தொகுதியையே மொத்தமாகத் தடுத்துவிடும். அவனுடைய பதினொன்றும் ஒரே தொகுதி. கடைசி எண் மட்டும்தான் மாறியிருந்தது.

அடுத்தது ஐஎஸ்பி ப்ராக்ஸி. ஐஎஸ்பி என்றால் இணைய இணைப்பு கொடுக்கும் நிறுவனம். சர்வர் டேட்டா சென்டரில்தான் இருக்கும். ஆனால் முகவரி, வீடுகளுக்கு இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கும். மாதம் முழுவதும் மாறாது, முகவரிக்கு இவ்வளவு என்று மாத வாடகை.

மூன்றாவது வகையில்தான் நாங்கள் மதியச் சாப்பாடு ஆறும்வரை உட்கார்ந்திருந்தோம். அதன் பெயர் ரெசிடென்ஷியல் ப்ராக்ஸி. உண்மையான வீடுகளின் இணைப்பு வழியாகவே உங்கள் கோரிக்கை போகும். ஆயிரக்கணக்கான முகவரிகளை ஒரு தொட்டியில் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது முகவரி கொடுப்பது ஒரு முறை. பத்து நிமிடம், அரை மணி என்று ஒரே முகவரியைப் பிடித்துவைத்திருப்பது இன்னொரு முறை. பக்கத்தைக் கண்காணிக்க மட்டும் என்றால் மாறிக்கொண்டே இருப்பது பரவாயில்லை. பணம் கட்டும்போது மாறக்கூடாது. கூடையில் போட்டவர் ஓர் ஊரிலும் பணம் கட்டுபவர் வேறு ஊரிலும் இருந்தால் கடை விடாது.

நான் அவனிடம் கேட்டேன்: “உண்மையான வீடு என்கிறார்களே, யார் வீடு?”

அவன் அதை யோசித்திருக்கவில்லை. அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்கள் வீட்டு இணைப்பு வழியாக நீங்கள் போய்வருகிறீர்கள். சில நிறுவனங்கள் அந்த வீட்டாரிடம் கேட்டு, காசோ வேறு சலுகையோ கொடுத்து இணைப்பைப் பெறுகின்றன. எல்லோரும் அப்படி இல்லை. ‘911 எஸ்5’ என்ற ப்ராக்ஸி சேவையை அமெரிக்க நீதித்துறை முடக்கியதாக 2024 மே மாதம் அறிவித்தது. மாஸ்க் விபிஎன், டியூ விபிஎன் போன்ற, உங்கள் முகவரியை மறைத்துக் காட்டும் இலவசச் செயலிகளை மக்கள் தங்கள் கணினியில் நிறுவியிருக்கிறார்கள். அவற்றின் வழியாக அந்தக் கணினிகள் அவர்களுக்கே தெரியாமல் ப்ராக்ஸியாக மாறியிருக்கின்றன. கிட்டத்தட்ட 200 நாடுகளில், 1 கோடியே 90 லட்சம் ஐபி முகவரிகள். அவற்றை வாடகைக்கு எடுத்தவர்கள் பணமோசடி முதல் குழந்தைகளுக்கு எதிரான குற்றங்கள் வரை செய்திருக்கிறார்கள். பதிவேட்டில் ஏறியது யாரோ ஓர் அப்பாவியின் வீட்டு முகவரி. கல்லூரியில் நண்பன் கேட்டதால் ப்ராக்ஸி போடுகிறோம். இங்கே ஒருவரின் குரலை அவருக்கே தெரியாமல் எடுத்து விற்கிறார்கள். அவன் போனில் இருந்த இலவச விபிஎன் செயலியை அப்போதே நீக்கச் சொன்னேன். இதைப் படிப்பவர்களும் உங்கள் வீட்டில் பெரியவர்கள், பிள்ளைகள் போனில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

இணையத்தில் கிடைக்கும் இலவச ப்ராக்ஸிப் பட்டியல்களையும் தொடாதீர்கள். நடுவில் இருக்கும் கணினி யாருடையது என்று தெரியாமல் வங்கி அட்டை எண்ணை அதன் வழியாக அனுப்பக் கூடாது. கடையின் முகவரி ‘https’ என்று தொடங்கினால் உள்ளே போகும் தகவலை ப்ராக்ஸியால் படிக்க முடியாது, எந்தக் கடைக்குப் போகிறீர்கள் என்பது மட்டும் தெரியும். ஆனால் “இந்தச் சான்றிதழைக் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள்” என்று ப்ராக்ஸிக்காரர் சொல்லி நீங்களும் நிறுவினால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

வேகம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. ப்ராக்ஸி போட்டால் பாட் வேகமாக ஓடும் என்று நினைக்கிறார்கள். நடுவில் ஓர் ஆள் கூடினால் பாதை நீளத்தான் செய்யும். ஷூக்கடையின் சர்வர் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடலூரிலிருந்து நேர்க்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 130 மில்லி வினாடி, அதற்குக் குறைய இயற்கை விடாது. கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, சென்னையிலோ மும்பையிலோ கடலில் இறங்கி வளைந்து வளைந்து போகிறது. அதனால் நடைமுறையில் 200-ஐத் தாண்டிவிடும். அதுவும் ஒருமுறை போய்வந்தால் தீராது. ப்ராக்ஸியோடு இணைப்பு, ‘கடைக்கு வழிவிடு’ என்று கேட்பது, கடையோடு ரகசியக் குறியீட்டை ஒத்துக்கொள்வது, அப்புறம்தான் ‘ஷூ இருக்கிறதா’ என்ற கேள்வி. நான்கு போய்வரவுகள், முதல் கோரிக்கைக்குக் கிட்டத்தட்ட ஒரு வினாடி.

ஆகவே ப்ராக்ஸி எந்த நாட்டில் என்பதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் கடைக்கு ஜெர்மனி ப்ராக்ஸி போட்டால் சுற்றுவழி. கடை இருக்கும் நாட்டிலேயே, முடிந்தால் அதே வட்டாரத்தில் இருக்கும் ப்ராக்ஸிதான் நல்லது. அப்போதும் கடலூரிலிருந்து அதுவரை போகும் தூரம் குறையாது. இதைத் தொழிலாகச் செய்பவர்கள் பாட் மென்பொருளையே கடை சர்வருக்குப் பக்கத்தில் ஒரு வாடகை சர்வரில் ஓட விடுகிறார்கள். செம்மண்டலத்து மேசைக் கணினி அவர்களோடு போட்டி போட முடியாது, எத்தனை ப்ராக்ஸி வாங்கினாலும்.

செலவுக் கணக்கும் பார்த்துவிடுவோம். ரெசிடென்ஷியல் ப்ராக்ஸிக்கு ஜிபி கணக்கில்தான் காசு. பாட் மென்பொருளில் ‘டிலே’ என்று ஒரு கட்டம் இருக்கும், மில்லி வினாடியில் எண் கொடுக்க வேண்டும். 3000 என்றால் மூன்று வினாடிக்கு ஒருமுறை, மணிக்கு 1200 முறை. ஒவ்வொரு முறையும் படங்களோடு 1 எம்பி இறங்கினால் ஒரு டாஸ்க்குக்கு மணிக்கு 1.2 ஜிபி. இருபது டாஸ்க் என்றால் 24 ஜிபி. ட்ராப் பத்து மணிக்கு என்றால் எட்டு மணிக்கே ஓடவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் திரும்பி வரும்போது வாங்கிய அளவு தீர்ந்திருக்கும். ஒரே ஒரு டாஸ்க் கண்காணித்தால் போதும், அதுவும் ட்ராப்புக்குக் கொஞ்சம் முன்பிருந்து.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஷூ கிடைக்காமல் போகலாம். பெஞ்சு மாறி உட்கார்ந்தாலும் குரல் ஒன்றாகவே இருந்தால் ஆசிரியர் கண்டுபிடிப்பார் அல்லவா? முகவரி தவிர வேறு பல அடையாளங்களைக் கடை பார்க்கிறது. பாட் இணைப்பைத் தொடங்கும் விதமே உலாவியிலிருந்து வேறுபடும். மவுஸ் அசையவே இல்லை என்பது தெரியும். இருபது வெவ்வேறு முகவரிகளிலிருந்து வந்த இருபது ஆர்டருக்கும் ஒரே வங்கி அட்டை, ஒரே வீடு என்றால் அதைப் பிடிக்கத் தனித் திறமை வேண்டாம். நைக்கி 2022-ல் தன் அமெரிக்க விற்பனை விதிகளைத் திருத்தி, தானியங்கி மென்பொருளால் போட்ட ஆர்டர்களை ரத்து செய்யத் தனக்கு உரிமை உண்டு என்று எழுதிவிட்டது. பல கடைகள் முதலில் வருபவருக்கு முதலில் என்பதையே விட்டுவிட்டுக் குலுக்கலுக்குப் போய்விட்டன. குலுக்கலில் வேகத்துக்கு வேலையே இல்லை.

இன்னொன்றையும் அவனுக்கு அழுத்திச் சொன்னேன், ஏனென்றால் “இதையே தட்கலுக்கும் பண்ணலாம்ல மாமா?” என்று கேட்டான். கூடாது. நம் நாட்டு ரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி அனுமதியில்லாமல் டிக்கெட் எடுத்து விற்பதைத் தொழிலாகச் செய்தால் மூன்று ஆண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். அந்தப் பிரிவு இணையத்தில் எடுக்கும் டிக்கெட்டுக்கும் பொருந்தும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்காவிலும் 2016-ல் பாட் மென்பொருள்களுக்கு எதிராக ஒரு சட்டம் வந்தது, அது நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்கு மட்டும். ஷூ அதில் இல்லை. சட்டத்தில் இல்லாவிட்டாலும் என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. இருபது ஜோடியை அள்ளிக்கொண்டு போய் இரட்டை விலைக்கு விற்பது, ஆசையாகக் காத்திருக்கும் பத்தொன்பது பேரின் கையிலிருந்து பிடுங்குவதுதான். அவன் வயதுப் பையன்கள்தான் அந்தப் பத்தொன்பது பேரும். கடையின் விதியில் பாட் கூடாது என்று இருந்தால் ஒரு ஜோடிக்குக்கூட ஓட்ட வேண்டாம் என்றேன். ப்ராக்ஸியைக் கற்றுக்கொள்ள ஷூக்கடை தவிர நூறு இடம் இருக்கிறது. தான் எழுதிய இணையதளம் வேறு நாட்டிலிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதற்கே அது நல்ல கருவி.

சாயங்காலம் கிளம்புவதற்கு முன் அந்த ப்ராக்ஸி விற்பனையாளருக்கு அவனே ஒரு செய்தி எழுதினான். “இந்த முகவரிகள் யாருடையவை, அவர்களிடம் அனுமதி எப்படி வாங்கினீர்கள்?” பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது பதில் வந்தது. கேள்விக்குப் பதில் இல்லை, ஐம்பது முகவரிகள் எடுத்தால் எவ்வளவு தள்ளுபடி என்ற விலைப்பட்டியல். அவன் அதை எனக்கு அனுப்பிவிட்டு, மாதச் சந்தாவை நிறுத்திவிட்டேன் என்று கீழே எழுதியிருந்தான்.